காட்டு வான்கோழி: இரண்டாவது முயற்சி

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கொடுத்த காட்டு வான்கோழியை நான் பாழாக்கினேன். இந்த வருடம் அதே மனிதர், அதே காட்டிலிருந்து இன்னொன்று கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தடவை நன்றாக வந்தது. எங்கே தப்பு செய்தேன், எதை மாற்றினேன் என்பதை மறந்துபோவதற்கு முன்னால் எழுதி வைக்கிறேன். அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் பக்கத்தில் குடியிருக்கும் நம்மாட்கள் யாருக்காவது உதவும்.

நாங்கள் இருப்பது மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸுக்கு மேற்கே, மெரமெக் ஆற்றுப் பக்கம். இங்கே வசந்த கால வான்கோழி சீசன் ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை ஆரம்பித்து மூன்று வாரம் நடக்கும். பெரியவர் ஐம்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். இருட்டோடு போய் ஒரு மரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்து, பெட்டை கூப்பிடுவதுபோல் ஒரு மரப்பெட்டியைத் தேய்த்துச் சத்தம் எழுப்புவார். சேவல் தேடி வரும். நான் சுடுவதில்லை. என் வேலை அதற்குப் பிறகுதான்.

முதலில் போன வருடக் கதை. பறவை வீட்டுக்கு வந்த அன்றே, தோலை உரித்துவிட்டு, கடையில் வாங்கும் தேங்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழிபோல முழுசாக ஓவனில் வைத்தேன். 325 டிகிரி ஃபாரன்ஹீட், மூன்றேகால் மணி நேரம். தொடை வேகவில்லை, வேகவில்லை என்று நேரத்தை நீட்டிக்கொண்டே போனதில் நெஞ்சுக்கறி மரத்தூள் ஆனது. அவ்வளவு நேரம் போட்டும் கால் ரப்பர்போலவே இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்ததிலும் கோளாறு. கப் அளவில் உப்பு போட்டிருந்தேன். தூள் உப்பு ஒரு கப்பும் கல் உப்பு ஒரு கப்பும் எடையில் ஒன்றல்ல. வெளிப்புறம் வாயில் வைக்க முடியாத உப்பு. குழந்தைகள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். ஒரு உயிரை வாங்கி, ஒரு மனிதர் அன்போடு கொடுத்ததைப் பாதிக்கு மேல் குப்பையில் போட்டது எனக்கு வருடம் முழுக்க உறுத்தியது.

இந்த வருடம் ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு அவருடைய டிரக் வாசலில் நின்றது. "நெஞ்சை மட்டும் அறுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். இங்கே நிறைய பேர் அதைத்தான் எடுப்பார்கள், காலும் எலும்பும் வீணாகத்தான் போகும். "வேண்டாம், முழுசாக இறகோடு தாருங்கள்" என்றேன். ஒரு சீட்டைக் காலில் கட்டிக் கொடுத்தார். அவர் பெயர், முகவரி, பெர்மிட் எண், என்ன பறவை, எந்தத் தேதி. வேட்டைக் கறியை இன்னொருவருக்குக் கொடுத்தால் இப்படி எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். விற்கக் கூடாது, கொடுக்கலாம்.

எடை போட்டேன். 19.5 பவுண்டு, அதாவது 8.8 கிலோ. நெஞ்சிலிருந்து குதிரை வால் முடிபோலத் தொங்கும் 'தாடி' ஒன்பதரை அங்குலம். கால் முள் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூன்று வயதாவது இருக்கும்" என்றார் பெரியவர். கடை வான்கோழி நாலு, ஐந்து மாதத்தில் வெட்டப்படுவது. இது மூன்று வருடம் ஓடியும் பறந்தும், ராத்திரி மரக்கிளையில் ஏறித் தூங்கியும் முற்றிய உடம்பு. ரெண்டையும் ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் குழப்பமே.

இந்தத் தடவை தோலை உரிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். நெஞ்சுக்கறியில் கொழுப்பே கிடையாது, தோல் போனால் காய்ந்துவிடும். ஆக, இறகு பிடுங்க வேண்டும். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டில் சேவல் உரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன். கொதிக்கிற தண்ணீரில் முக்கி எடுத்து, இறகைப் பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டுவார்கள். அதையே இங்கே செய்தேன். முதல் தப்பு அங்கேதான்.

28 லிட்டர் அலுமினியப் பாத்திரம் ஒன்றைப் பெரியவரிடமே கடன் வாங்கினேன். வான்கோழியை எண்ணெயில் பொரிப்பதற்கு இங்கே விற்கும் உயரப் பாத்திரம். பாதித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்து, பறவையைத் தலைகீழாக முக்கினேன். ஒன்றரைக் கிலோ சேவலுக்குச் சரியாக இருக்கிற சூடு இதற்குச் சரிப்படவில்லை. இறகு அடர்த்தி என்பதால் தண்ணீர் உள்ளே இறங்க நேரம் பிடிக்கிறது. அந்த நேரத்துக்குள் மெல்லிய இடத்தில் தோல் வெந்துவிடுகிறது. நெஞ்சின் வலப்பக்கம் கொத்தாகப் பிடித்து இழுத்தேன், இறகோடு தோலும் கையில் வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு கிழிசல்.

நிறுத்திவிட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து 150 டிகிரிக்கு, அதாவது 65 செல்சியஸுக்கு, இறக்கினேன். ஒரு நிமிடம் முக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீர் போகும்படி மேலும் கீழும் ஆட்டி எடுத்ததும் இறகு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. அடுத்த பாதியை முக்கும்போது மறுபடி கடினமாகிவிட்டது. தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 138. அவ்வளவு பெரிய குளிர்ந்த உடம்பு உள்ளே போனால் தண்ணீர் ஆறத்தானே செய்யும். ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் போட்டுச் சூட்டைத் திரும்ப ஏற்றிக்கொண்ட பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. இறகு பிடுங்க மட்டும் ஒரு மணி பத்து நிமிடம். இறக்கையின் பெரிய இறகுகளைக் கையால் இழுக்க முடியவில்லை, குறடு வைத்து ஒவ்வொன்றாக இழுத்தேன். தோலுக்குள் புதைந்து கிடந்த குருத்து இறகுகளுக்குச் சாமணம்.

அப்புறம் மஞ்சள். இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து முழுக்கத் தடவினேன். வைக்கோலுக்குப் பதில் 22 டாலருக்கு வாங்கிய புரொப்பேன் டார்ச். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, நிற்காமல் நகர்த்திக்கொண்டே வாட்டினேன். மிச்சமிருந்த பூ முடியெல்லாம் சுருண்டு கருகி, தோல் இறுகி, மஞ்சளும் கொழுப்பும் சேர்ந்து தீயும் அந்த வாசனை வந்தது. பன்னிரண்டு வருடம் கழித்து அந்த வாசனையை நுகர்கிறேன். கராஜில் நின்றுகொண்டிருந்த பெரியவர் கிட்டே வந்து, இதை அவர் பார்த்ததே இல்லை என்றார். மஞ்சள் எதற்கு என்று கேட்டார். கவிச்சி போகும், தோல் கிழியாமல் இறுகும் என்று எங்கள் வீட்டில் சொல்வதைச் சொன்னேன்.

வயிற்றைத் திறந்து குடலை எடுத்தேன். ஈரல், இதயம் தனியே. கழுத்தடியில் இருந்த தீனிப்பையை அறுத்துப் பார்த்தேன். கொழகொழவென்று பச்சை. குளோவர் என்ற தீவனச் செடியின் இலைகள், அப்படியே முழுசாக, காம்போடு. நடுவில் நாலைந்து கருவண்டுகள், பாதி ஊறிய மக்காச்சோள மணிகள். இரைப்பைக்குள் சுண்டைக்காய் அளவில் வெள்ளைக் கற்கள், தேய்ந்து தேய்ந்து ஆற்றுக் கூழாங்கல்போல வழவழவென்று. பெரிய மகள் அவற்றைக் கழுவி எடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள்.

நெஞ்சின் மேல்பாகத்தில் தோலுக்கடியில் மஞ்சளாக, ஸ்பாஞ்சுபோல ஒரு கொழுப்புப் பட்டை இருக்கும். வசந்த காலத்தில் சேவல் தீனியைக் குறைத்துக்கொண்டு பெட்டையின் பின்னால் அலையும்போது இந்தச் சேமிப்பில்தான் உயிர் வாழ்கிறது. அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். போன வருடம் தெரியாமல் விட்டதில் கறி முழுக்கக் கசப்பும் பழைய எண்ணெய் வாடையும். இந்த வருடம் வெட்டி எடுத்தது 240 கிராம்.

சுத்தம் செய்த பிறகு 6.3 கிலோ. உடனே சமைக்கவில்லை. ஒரு தட்டில் கம்பி வலை வைத்து, அதன்மேல் பறவையை வைத்து, மூடாமல் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள். சனிக்கிழமை விறைத்துக் கிடந்த கால், திங்கட்கிழமை இரவு தானாக மடங்கியது. அப்போதுதான் கத்தியை எடுத்தேன்.

துண்டு போட்ட கணக்கு: நெஞ்சு இரண்டும் எலும்பில்லாமல் 2.1 கிலோ, கால் தொடையோடு 1.9, இறக்கை 600 கிராம், மிச்ச எலும்புக்கூடு 1.7.

வெட்டும்போது துப்பாக்கி ரவைக் குண்டுகளைத் தேட வேண்டும். வான்கோழியைத் தலைக்கும் கழுத்துக்கும் குறி வைத்துத்தான் சுடுவார்கள், ஆனாலும் ஒன்றிரண்டு நெஞ்சு மேட்டிலும் இறக்கையிலும் இறங்கியிருக்கும். எப்படித் தேடுவது என்று பெரியவர் காட்டிக் கொடுத்தார். குண்டைத் தேடாதே, இறகைத் தேடு. கறியில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புப் புள்ளி தெரியும். சாமணத்தை உள்ளே விட்டு இழுத்தால் நூல்போல ஒரு இறகுத் துணுக்கு வரும். ஈரத்திலும் செம்பும் பச்சையுமாக மின்னியது. குண்டு உள்ளே போகும்போது இறகையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அந்த வழியே விரலை விட்டால் முடிவில் குண்டு தட்டுப்படும். மொத்தம் ஐந்து எடுத்தேன். அவர் பயன்படுத்தியது ஈயக் குண்டு என்பதால், குண்டு போன வழியைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குக் கறியையும் அறுத்து எறிந்தேன். சின்னப் பிள்ளைகள் சாப்பிடுகிற வீட்டில் இதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. அப்படிப் போனது நூறு கிராம்கூட இருக்காது.

இங்கிருந்து நெஞ்சுக்கு ஒரு பாதை, காலுக்கு வேறு பாதை. போன வருடத் தோல்விக்கு முழுக் காரணமும் ரெண்டையும் ஒரே பாத்திரத்தில் வைத்ததுதான். நெஞ்சு, கூடுதலாகப் பத்து நிமிடம் வெந்தாலே செத்துவிடும். கால், ஒரு மணி நேரம் வேகாமல் வழிக்கு வராது.

நெஞ்சு. மூன்று லிட்டர் தண்ணீர், 150 கிராம் உப்பு, 60 கிராம் வெல்லம், பத்து மிளகு, இரண்டு பிரியாணி இலை. உப்பைத் தராசில் நிறுத்தேன். திங்கள் இரவு பத்து மணிக்கு ஃப்ரிட்ஜில் போட்டு, செவ்வாய் மதியம் பன்னிரண்டுக்கு எடுத்துத் துடைத்தேன். பதினாலு மணி நேரம். அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சதையில் வெள்ளை நரம்பு ஒன்று ஓடும். அதன் நுனியைப் பேப்பர் டவலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியைப் படுக்க வைத்து உரசினால் சதை கழன்று வரும்.

தோல் கிழியாத இடப்பக்கத்து நெஞ்சை ஓவனில் வைத்தேன். நெய், இடித்த மிளகு, பூண்டு மட்டும் தடவினேன். 275 டிகிரி ஃபாரன்ஹீட். தெர்மாமீட்டர் கம்பியைத் தடித்த இடத்தில் செருகி, கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஒரு மணி இருபது நிமிடத்தில் 155 காட்டியது, வெளியே எடுத்தேன். இரும்புத் தோசைக்கல்லைப் புகைய விட்டு நெய் ஊற்றி, தோல் பக்கத்தை மூன்று நிமிடம் வைத்ததும் பொன்னிறமாக மொறுமொறுவென்று ஆனது. தட்டில் பத்து நிமிடம் ஆறவிட்டேன். உள்ளே 165-ஐத் தொட்டது. அமெரிக்க வேளாண்மைத் துறை கோழி வகைக்குச் சொல்கிற அளவும் அதுதான். கறியின் ஓட்டத்துக்குக் குறுக்கே அரை விரல் கனத்தில் அறுத்தேன். பலகையில் சாறு தேங்கியது. போன வருடம் பலகை காய்ந்து கிடந்தது.

வலப்பக்கத்து நெஞ்சில் பாதியை விரல் நீளத் துண்டுகளாக, மெல்லிசாக அறுத்து மிளகு வறுவல். நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, ஒன்றரை ஸ்பூன் மிளகு-சோம்புத் தூள். வெங்காயம் முழுசாக வதங்கிய பிறகுதான் கறியைப் போட வேண்டும், அதிகத் தீயில் நாலே நிமிடம். ஐந்தாவது நிமிடம் போனால் இறுக ஆரம்பிக்கிறது. மீதிப் பாதி ஃப்ரீசருக்குப் போனது.

கால். அம்மாவுக்கு போன் போட்டேன். "மூணு வருசத்துச் சேவலா? சும்மா வேகாதுய்யா. குக்கர்ல போட்டுட்டு நீ போயி வேற வேலையப் பாரு. பப்பாளிக்காய் கெடைச்சா ரெண்டு துண்டு அரைச்சுப் போடு" என்றாள். இந்தியக் கடையில் பப்பாளிக்காய் கிடைத்தது, 4 டாலர். சந்தேகமாக இருந்ததால் கறியை இரண்டு பங்காகப் பிரித்தேன். ஒரு பங்குக்குப் பப்பாளி அரைத்துத் தடவி ஒரு மணி நேரம், இன்னொன்றுக்கு மஞ்சளும் உப்பும் மட்டும். தனித்தனிக் குக்கர். பப்பாளி போட்டதில் துண்டுகளின் வெளிப்புறம் கூழாகிக் குழம்பில் கரைந்தது, எலும்பை ஒட்டிய பாகம் மற்றதைப் போலவேதான் இருந்தது. அடுத்த தடவை பப்பாளி வேண்டாம். குக்கரே போதும். இதை அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப நேரத்தக் கூட்டு" என்றாள்.

நேரம்தான் எல்லாமே. நாட்டுச் சேவலுக்கு வைக்கிற மாதிரி ஆறு விசில் வைத்துத் திறந்தேன். கத்தி இறங்கவில்லை. மூடி, தீயைக் குறைத்து அரை மணி நேரம். தொடை பாதி வழிக்கு வந்திருந்தது. இன்னொரு இருபத்தைந்து நிமிடம். மொத்தம் ஒரு மணி பத்து நிமிடத்தில் தொடைக்கறி எலும்பை விட்டது, ஆனால் நார் நாராகப் பிரியவில்லை. அந்தப் பதம்தான் வேண்டும். கீழ்க்காலுக்கு மேலும் இருபது நிமிடம் ஆனது.

கீழ்க்காலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வான்கோழிக் காலில் நரம்புகள் எலும்பாகவே இறுகிப்போயிருக்கும், ஈர்க்குச்சிபோல. ஒரு காலில் எட்டு, பத்து இருக்கும். பச்சையாக இருக்கும்போது இழுத்தால் கறியும் கிழியும். வெந்த பிறகு கைச்சூட்டில், குறடால் நுனியைப் பிடித்து இழுத்தால் உறையிலிருந்து வாள் உருவுகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் உருவி ஒரு தட்டில் வரிசையாக வைத்து எண்ணினேன், ரெண்டு காலுக்கும் பத்தொன்பது. ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும். அந்தக் கறியைப் பிய்த்து, பொட்டுக்கடலை மாவு, தேங்காய், சோம்பு சேர்த்துக் கோலா உருண்டை பொரித்தேன். இருபத்திரண்டு வந்தது. கொழுப்பில்லாத கறி என்பதால் உருண்டை உடையாமல் நின்றது. பிள்ளைகளுக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்தது.

தொடைக்கறிக் குழம்புக்கு: ஆறு ஸ்பூன் மல்லி, பன்னிரண்டு வரமிளகாய், ஒன்றரை ஸ்பூன் மிளகு, சீரகம், சோம்பு, கொஞ்சம் கசகசா, கால் மூடித் தேங்காய். வறுத்து அரைத்தது. சின்ன வெங்காயம் 300 கிராம். குக்கர் தண்ணீரைக் கீழே ஊற்றாமல் அதிலேயே குழம்பு கூட்டினேன். செவ்வாய் இரவு வைத்த அன்று மசாலா ஒரு பக்கம், கறி ஒரு பக்கமாக இருந்தது. புதன் மதியம் சூடுபண்ணியபோதுதான் ஒன்று சேர்ந்தது. கறி கறுப்பாக, ஆட்டுக்கறிக்கும் நாட்டுக்கோழிக்கும் நடுவில் ஒரு ருசி. இட்லியோடு சாப்பிட்டோம்.

எலும்புக்கூட்டையும் இறக்கைகளையும் நாலு லிட்டர் தண்ணீரில் நாலு மணி நேரம் சிறு தீயில் வைத்தேன். வடிகட்டியது இரண்டேகால் லிட்டர். அதில் மிளகு, பூண்டு தட்டிப் போட்டு ரசம். ஈரலும் இதயமும் வெங்காயத்தோடு வதக்கியதுமே தீர்ந்துவிட்டன. இரைப்பையைக் குழம்போடு போட்டது தவறு, அது தனியாக ஒன்றரை மணி நேரம் கேட்கிறது.

செலவு: டார்ச் 22, கம்பி வைத்த தெர்மாமீட்டர் 30, பப்பாளி 4, சின்ன வெங்காயம், தேங்காய் வகையறா 17. மொத்தம் 73 டாலர். இதில் 52 டாலர் கருவிக்கு, அடுத்த வருடமும் இருக்கும். என் நேரம், கூட்டிப் பார்த்தால் பதினோரு மணி நேரம்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை. தண்ணீரை முதலிலிருந்தே 150-ல் வைத்துவிட்டுத்தான் பறவையைத் தொட வேண்டும். பாத்திரம் 28 லிட்டர் போதாது, பாதி உடம்பு வெளியே நிற்கிறது. 60 லிட்டர் தகர டிரம் பார்த்து வைத்திருக்கிறேன். இரும்புக்கல்லில் வைக்கிற மூன்று நிமிடத்தை இரண்டாக்கி, ஓவனிலிருந்து 157-ல் எடுத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன், ஓரம் சற்றே கூடுதலாக வெந்திருந்தது. உப்பு ஐந்து சதவீதம் சரி, கை வைக்க மாட்டேன்.

வியாழக்கிழமை ஒரு டப்பா குழம்பும் ஆறு கோலா உருண்டையும் பெரியவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். நின்றபடியே ஒரு உருண்டையைக் கடித்தவர், இது எந்தப் பாகம் என்று கேட்டார். கீழ்க்கால் என்றேன். கையிலிருந்த மீதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஐம்பது வருடமாக அதை நாய்க்குத்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். இந்த சீசனில் அவருக்கு இன்னொரு சேவல் கிடைத்தால் கால்களை மட்டும் அறுத்து என்னிடம் அனுப்புவதாகச் சொன்னார். குறடைக் கழுவி சமையலறை இழுப்பறையிலேயே வைத்திருக்கிறேன்.